பச்சை ஏழின் பின்பக்கம்

மத்தியானம் மூன்று மணிக்குப் பெருந்துறைப் பக்கத்தில் இன்டர்வியூ, ஒரு மணிக்குப் பஸ், இப்போது ஒன்பதே முக்கால், தெய்வசிகாமணியின் முப்பத்தொரு வருஷ உத்தியோகம் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து சாப்பாட்டு மேஜைமேல் கொட்டிக் கிடந்தது. கொட்டின வேகத்தில் ஒரு ரோஸ் துண்டு ரசப் பாத்திரத்தை நோக்கி ஓடியது, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். மேஜை கொள்ளாமல் சன்னல் வழியாக வாசல்வரை வழிந்தது என்றுதான் பிற்பாடு யாரிடமாவது சொல்வார். இப்போதைக்கு மேஜையில் பாதிகூட நிறையவில்லை. இவ்வளவுதானா என்று ஒரு நினைப்பு எழுந்தது, அதையும் ரோஸ் துண்டோடு சேர்த்து அமுக்கினார். எல்லாம் துணித்துண்டு, தீப்பெட்டி அகலம். சாயப்பட்டறையில் ஒவ்வொரு லாட்டும் முடிந்து துணி காய்ந்ததும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, ஒரு சின்ன அட்டையில் மேலோரம் மட்டும் பின் அடித்து, அட்டையின் பின்பக்கத்தில் என்ன சாயம், நூற்றுக்கு எவ்வளவு, உப்பு எவ்வளவு, எத்தனை டிகிரி என்று எழுதி வைப்பது டையிங் மாஸ்டர்களின் வழக்கம். மேலோரம் மட்டும்தான். துண்டைக் கதவு மாதிரித் தூக்க முடிய வேண்டும், அட்டை திரும்ப வேண்டும். ஒரு மாஸ்டர் இன்னொரு மாஸ்டரிடம் ஒரு ஷேடைக் கொடுத்தால் வாங்கினவர் செய்கிற முதல் காரியம் அதைப் பார்ப்பதல்ல, திருப்புவது. முன்பக்கத்தைச் சேலைக்கடைக்கு வந்த பொம்பளைகளும் பார்ப்பார்கள். மகள் கோகிலவாணிக்கு இதெல்லாம் தெரியாது. ஏற்றுமதிக் கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறாள், தினம் இருபது பேருடைய ஃபைலைப் புரட்டுகிறவள், அப்பாவுக்காக அரை நாள் லீவு போட்டுவிட்டு அடுத்த அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். “போர்ட்ஃபோலியோன்னா பாத்த ஒடனே கண்ணுல அடிக்கோணும்ப்பா. பத்துப் பக்கம், பக்கத்துக்கு ஒரு துணி, கீழ ரெண்டு வரி. கறுப்புச் சார்ட்டுல பசை போட்டு ஒட்டீருங்க, அலுங்காம இருக்கும். பதினொன்றரைக்குக் குடுத்தீங்கன்னா பிரிண்ட் போட்டு எல்லாத்தையும் சேத்துக் கோத்தர்றேன்.” பசை. துணிக்குப் பசை. பசை துணியின் நூலுக்குள் ஊறி ஷேடை ஒரு படி இருட்டடித்துவிடும் என்பதுகூட இருக்கட்டும், பசை போட்டவன் பின்பக்கத்தைக் காட்டப் பயப்படுகிறான் என்று மாஸ்டர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டுமே. நினைக்காமலும் போகலாமே. பசைக்குப்பியைத் தள்ளி வைத்தார், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

குப்பிக்குப் பக்கத்தில் அவள் அடித்துக் கொடுத்த பயோடேட்டா. இங்கிலீஷில் அவர் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே அடித்திருக்கிறாள். “உங்களக் கேக்கவே வேண்டியதில்லைப்பா, பொறந்ததிலிருந்து கேட்டுட்டுத்தான இருக்கறேன்” என்றாள். அதுதான் சங்கடம். கேட்டதையெல்லாம் வைத்திருக்கிறாள். மின்தடையின்போது ஒன்பது மணி நேரம் கையால் துணியைச் சுற்றி ஒரு டன் லாட்டைக் காப்பாற்றியவர் என்று முதலாவது. மின்சாரம் போனது நிஜம், மிஷின் நின்றால் சாயம் பட்டை விழும் என்று கையால் சுற்றினது நிஜம், நாலு பேர் சேர்ந்து சுற்றினதும் நிஜம், நாற்பது நிமிஷம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது ஒரு மணி நேரம், கோகிலா பிறந்த வருஷம் மூன்று, அவள் பள்ளிக்கூடம் போகையில் ஆறு. வளருகிற பிள்ளைக்கு வருஷா வருஷம் சட்டையைப் பெரிதாகத் தைப்பதுபோல அவரும் தைத்துக்கொண்டே வந்திருக்கிறார், இப்போது அது யார் உடம்புக்கும் பொருந்தாத சட்டை. ஒரு லாட்கூடத் திரும்பி வராதவர் என்று இரண்டாவது. வராமல் என்ன? நாலு டன் நேவி புளூ பட்டை பட்டையாக வந்து, துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வேண்டாமென்று திருப்பி, முதலாளி அதைத் தீபாவளிக்குத் தொழிலாளி வீட்டுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்து, இரண்டு வருஷம் அந்தத் தெருவில் பிள்ளைகள், பெரியவர்கள், தலையணை உறை, சைக்கிள் சீட்டு உறை எல்லாம் ஒரே நேவி புளூ. புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் இது என்ன பள்ளிக்கூடம் என்று விசாரித்தார். விசாரித்தாரா, அவர் விசாரித்ததாகத் தான் சொன்னதா? நினைவில் அந்தப் போலீஸ்காரருக்கு மீசைகூட இருக்கிறது. நாலாவது, யானை. அதைக்கூட விடவில்லை அவள். எதிர்பாராத சூழல்களைக் கையாளும் திறன்: கோவில் யானை தொடர்பான சம்பவம். படித்துவிட்டுத் தன்னையறியாமல் மேஜையில் தட்டினார். இவை எல்லாம் போகட்டும், ஊதினால் பறக்கிற உமி. மூன்றாவதுதான் இன்டர்வியூவே. பெருந்துறைக்காரர்கள் கேட்டிருப்பது இயற்கை நிறங்களில், பாசி, மண், சருகு மாதிரி நிறங்களில் கைதேர்ந்த மாஸ்டர். மூன்றாவது: டென்மார்க் பையர் அனுப்பிய பாசி படிந்த கல்லின் நிறத்தை உள்ளுணர்வு அணுகுமுறையால் ஒரே இரவில் துணியில் கொண்டுவந்தவர். கல்லைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன், கனவில் ரெசிபி வந்தது, எழுந்து சுவரில் கரித்துண்டால் எழுதினேன் என்று அவர் சொன்னதைத்தான் அவள் உள்ளுணர்வு அணுகுமுறை என்று மாற்றியிருக்கிறாள். நல்ல பெண். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பா’ கட்டுரையில் அந்தக் கனவை எழுதிப் பரிசு வாங்கினவள், ஒரு டிபன் பாக்ஸ், இன்னும் சமையலறையில் இருக்கிறது, கடுகு போட்டு வைக்க.

“ஏனுங்க, மேசையத் தொடைக்கோணும், அந்தக் குப்பைய எப்ப எடுப்பீங்க?” என்று உள்ளேயிருந்து மயிலாத்தா. குப்பையா என்று கேட்க வாயெடுத்தவர், சாம்பார் கிண்ணத்தை அவள் வைக்கவும் அதைப் பார்த்துவிட்டு, “மஞ்ச கால் பர்சண்டு கம்மி மயிலு” என்றார், பழக்க தோஷம். “அந்தப் பேச்சு வந்துருச்சா? ஏழு மாசமாச் சட்டினிக்கு ஷேடு, சாம்பாருக்கு ஷேடு, நேத்து எம்பட மூஞ்சிக்கு ஷேடு பாத்தீங்க. மூணு மணிக்கு அந்தப் புண்ணியவானுங்க உங்கள எடுத்துக்கிட்டாங்கன்னா நாந் தேங்கா ஒடைக்கறேன்.” ஏழு மாசம். பழைய முதலாளியின் பையன்கள் சாயப்பட்டறையை மூடிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். போன முகூர்த்தத்துக்கு அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனவர் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரெண்டாம் நம்பர் மிஷின் நின்ற இடத்தில் அப்போது பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்பையெல்லாம் ஒரு பக்கம் சேர்த்தார், நீலத்தை ஒரு பக்கம், மண் நிறங்களை நடுவில். பச்சையைச் சேர்க்கும்போது கை ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஏன் போயிற்று என்று அவருக்குத் தெரியும். காபிக்கொட்டை நிறத் துண்டு ஒன்று, அதன்மேல் ஒரு சாம்பல், அதற்கடியில் அது இருக்கிறது, அரை மணி நேரமாக அவர்தான் மேலே மேலே எதையாவது போட்டுக்கொண்டிருக்கிறார். எடுத்தார். பச்சை ஏழு. மழை விட்டு அரை மணி கழித்து வீட்டுச் சுவரோரம் இருக்கிற பச்சை. பதினெட்டு வருஷமாகியும் மங்கவில்லை. கூரியரில் கல் வந்தது, கூட ஒரு கடுதாசி: மழை விட்டபின் இந்தக் கல் இருக்கிற நிறம் வேண்டும். காய்ந்த கல் ஒரு நிறம், நனைந்தால் ஒரு நிறம், கோவில் குருக்கள் மாதிரி அவர் அதன்மேல் தண்ணீர் தெளிப்பதும் பார்ப்பதும் தெளிப்பதுமாக மூன்று நாள். டர்க்கைஸும் மஞ்சளும் எப்படி எப்படிக் கூட்டிக் குறைத்தாலும் கிளிப்பச்சை வந்தது, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரித் திரைச்சீலை வந்தது. லேபில் சாந்தாமணி இருந்தாள், அவினாசிப் பக்கத்துப் பெண், ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்து நாலு வருஷம், பீக்கர் கழுவ வந்தவள், சின்னச் சின்ன அளவில் சோதனை போடக் கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள், “மாஸ்டர், ஒரு துளி செவப்புப் போட்டுப் பாக்கட்டுங்களா?” என்றாள். “பச்சைக்குள்ள செவப்பா? சாயம் போடறயா, வெத்தலை போடறயா?” லேபில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய் அன்றைக்கு நாலைந்து பேரிடம் போய்ச் சொன்னார். மூன்றாம் நாள் அவர் டீக்குப் போயிருந்த நேரத்தில் அவள் போட்டுவிட்டாள். சிட்டிகைகூட இல்லை, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் எட்டு. திரும்பி வந்தபோது சன்னலோரம் நனைந்த கல்லின்மேல் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். கல் எங்கே இருக்கிறதென்று அவருக்கு ஒரு நொடி தெரியவில்லை. தெரியவில்லை என்பது நிஜம், இதில் தையல் எதுவும் இல்லை. அப்போது அவர் என்ன சொன்னார்? அதுதான். அதைத்தான் இந்தப் பதினெட்டு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. “ம். இதத்தான நான் மொதல்லயிருந்து சொல்லீட்டு இருக்கறேன்” என்றார். அவள் அவரைப் பார்த்தாள். “சரிங் மாஸ்டர்” என்றாள்.

அட்டையைத் திருப்பினார். உருண்டை உருண்டையான எழுத்து, வரி கோணாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன வட்டம். டர்க்கைஸ் 0.62. மஞ்சள் 0.9. சிவப்பு 0.008. அறுபது டிகிரி. கீழே, மாஸ்டர் ஓகே, 4.10. தெய்வசிகாமணியின் கையெழுத்து எறும்பு வரிசையை யாரோ ஊதிவிட்டதுபோல இருக்கும், திருப்பூரில் பாதிப் பேருக்கு அது தெரியும். சரி, அதற்கென்ன, ஒரு புது அட்டை எடுத்து எழுதினால் ஆயிற்று. மேஜை டிராயரில் வெள்ளை அட்டை இருந்தது. பேனாவைத் திறந்தார், டர்க்கைஸ் என்று எழுதினார், பூஜ்யம் புள்ளி என்று எழுதினார், அறுபத்திரண்டா இருபத்தாறா என்று நின்றது கை. அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அறுபத்திரண்டு எழுதினார். மஞ்சளுக்கும் பார்த்தார். கனவில் வந்த ரெசிபி, சுவரில் கரியால் எழுதின ரெசிபி, ஆயிரம் தடவை சொன்ன ரெசிபி, ஒரு தடவையாவது நம்பரைச் சொல்லியிருக்கிறாரா? கனவு, கல், தலையணை, சுவர், டென்மார்க் அம்மாளின் கண்ணீர் (அவள் மெயில்தான் அனுப்பினாள்), முதலாளி மாலை போட்டது, அதுமட்டும் நிஜம், ரோஜா மாலை, அதைப் போட்டுக்கொண்டு எல்லாம் முருகன் செயல் என்று சொன்னது. பெருமையை முருகனுக்குக் கொடுக்க முடிந்தது. லேபுக்கும் மாலை போட்ட இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, அந்தப் பக்கம் அவள் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் நிச்சயமாகிக் கரூருக்குப் போகிறேன் என்று வந்தாள். அங்கேயும் லேப் வேலை பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்களாம், ஒரு அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுங்கள் மாஸ்டர் என்று கேட்டாள். நாலு வரி எழுதப் பேனா எடுத்தார். கம்பெனி லெட்டர் தாள், மேலே முதலாளியின் குலதெய்வம். எழுத எழுத ஒவ்வொரு வரியும் அந்தப் பச்சையை நோக்கியே போனது. நிறம் சேர்ப்பதில், என்று எழுதினால் எந்த நிறம் என்று யாராவது கேட்பார்கள். கடைசியில், ஆறு ஆண்டுகள் லேப் உதவியாளராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர். அவ்வளவு. அவள் படித்தாள், இரண்டாவது தடவை படிக்கவில்லை, நாலாக மடித்தாள், “சரிங் மாஸ்டர்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பார். அவளும் கரூரில் எங்கேயாவது ஒரு மேஜையில் இப்படி உட்கார்ந்து ஒரு ஃபைல் சேர்த்திருப்பாள், அதில் பக்கம் பக்கமாக என்ன வைத்திருப்பாள், நாலாக மடிந்த தாளைத் தவிர? அவளுடைய பச்சை இவருடைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. பேனா மஞ்சள் 0.9க்குக் கீழே நின்றுகொண்டிருந்தது; சிவப்பு என்று எழுத வேண்டும்; ‘சி’ போட்டார்; சுழி சரியாக வரவில்லை; பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

கேட்பார்கள். பெருந்துறையில் எதிரே உட்கார்ந்திருப்பவன் எப்படியிருப்பான்? சின்ன வயது, கோயமுத்தூரில் டெக்ஸ்டைல் படித்தவன், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பட்டை, பக்கத்தில் நிறத்தை அளக்கிற மிஷின், துணியை வைத்தால் நம்பர் சொல்லும். அவன் பச்சை ஏழைப் பார்ப்பான், அட்டையைத் திருப்புவான், படிப்பான், நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பான்: எதுக்குங்க இதுல செவப்பு? எதற்குச் சிவப்பு? அவர் அவளைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அது அவளுடையது என்று ஆகியிருக்கும். பச்சையின் எதிர்நிறம் சிவப்பு, பளபளப்பைக் கொல்லும் என்று புத்தகத்தில் உண்டு, அது பிற்பாடு அவர் படித்தது. அது இல்லை, அவள் எதைப் பார்த்து அப்படி நினைத்தாள்? பாசி படிந்த சுவர் எதையாவது பார்த்தாளா, ஈரச் செங்கல்லைப் பார்த்தாளா? செங்கல்! செங்கல் சுவரில் பாசி, அடியில் சிவப்பு தெரியாமல் தெரியும், நான் ஒரு நாள் கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, சார், அப்பத்தான், என்று அவர் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது, சன்னலைப் பார்த்து, கையை ஆட்டி, எதிரே அந்தக் கழுத்துப்பட்டைப் பையன் வாய் பிளந்து கேட்கிறான், கதைக்குள் ஒரு மழை வந்தாயிற்று, ஓர் ஓணான்கூட வந்தாயிற்று, ஓணானின் தலையில் ஒரு துளி சிவப்பு! எவ்வளவு நன்றாக வருகிறது. கனவைவிட நன்றாக வருகிறது. இதைச் சொன்னால் வேலை நிச்சயம், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அவருக்கே வேலை கொடுக்கத் தோன்றியது. அதில்தான் பயந்துபோனார். பல் விளக்கின அந்தக் காலையை இப்போது அவரால் பார்க்க முடிந்தது, வேப்பங்குச்சியின் கசப்புக்கூட நாக்கில் இருந்தது. இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் அது நடந்துவிடும், சன்னலோரம் கல்லை வைத்துக்கொண்டு நின்ற பெண் இருந்த இடத்தில் ஓணான் இருக்கும். போலீஸ்காரருக்கு மீசை வந்த மாதிரி. வாயை மூடினார். ஒட்டிவிட்டால் என்ன? ஒட்டினால் திருப்ப முடியாது, திருப்பாவிட்டால் கேள்வி இல்லை. பசைக்குப்பியை எடுத்தார். மூடி காய்ந்து இறுகியிருந்தது. முழங்கால் இடுக்கில் வைத்துத் திருகினார், பல்லால் கடித்தார், ஐம்பத்தேழு வயதில் ஒரு மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சன்னல் கண்ணாடியில் தெரிந்தது. திறந்துகொண்டது. வெள்ளையாக ஒரு சொட்டு கறுப்புச் சார்ட்டில் விழுந்தது, பக்கத்தில் இன்னொன்று. அட்டையை அதன்மேல் கொண்டுபோனார். பின்பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், உருண்டை எழுத்து பசையில் பதிய வேண்டும். மாஸ்டர் ஓகே. அந்த அட்டை முழுவதிலும் தன்னைப்பற்றி இருப்பது அந்த இரண்டு வார்த்தைதான் என்று அப்போதுதான் பார்த்தார். அதையும் அவள்தான் எழுதியிருக்கிறாள், மணியோடு. அட்டை பசைக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. சொட்டு மேலே தோல் கட்ட ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அட்டையை இந்தப் பக்கம் வைத்துவிட்டு ஸ்டேப்ளரை எடுத்தார், வேறொரு சார்ட்டில் மேலோரம் மட்டும், ஒரு பின், இரண்டு பின். விரலால் தூக்கிப் பார்த்தார். திரும்பிற்று.

“ஆச்சாப்பா?” கோகிலவாணி லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். மேஜையைப் பார்த்தாள். “என்னப்பா இது, ஒரே ஒரு பக்கந்தான் பண்ணியிருக்கறீங்க? ஒட்டச் சொன்னா பின் அடிச்சு வச்சிருக்கறீங்க?”

“பின்னுதான் அம்முணி அடிக்கோணும். அது அப்புடித்தான்.”

அவள் பச்சை ஏழைத் தூக்கினாள். கல்லுப் பச்சை என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, முகம் மலர்ந்தது, திருப்பினாள். “இதாருப்பா கையெழுத்து? உங்களுது இல்லியே.”

“லேப் பொண்ணு” என்றார். “நாஞ் சொல்லச் சொல்ல...” வாக்கியம் முழுசாக நாக்கில் இருந்தது, வழுவழுவென்று, நாஞ் சொல்லச் சொல்ல எழுதுனா, இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அதை விழுங்கினார். விழுங்கும்போது அது ரொம்பப் பெரிதாக இருந்தது. “அந்த மூணாவத எடுத்துரு கண்ணு.”

“எதைய? கல்லையா? அதுக்குத்தானப்பா உங்களக் கூப்புடறாங்க!”

“அது நான் பண்ணுனதில்லை. சாந்தாமணின்னு ஒரு பொண்ணு பண்ணுனது. நான் வேண்டாம்னு சிரிச்சவன்.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மயிலாத்தா கேட்கிறாள்.

“அப்பக் கனவு?” என்றாள் கோகிலவாணி. இருபத்தாறு வயதுப் பெண்ணின் குரலில்லை அது.

“தலகாணிக்கடியில கல்ல வச்சது நெசம். கழுத்து வலிதான் வந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து லேப்டாப்பை மேஜையில் வைத்தாள், ஒரு மஞ்சள் துண்டு அதனடியில் மாட்டிக்கொண்டது, அவர் எடுக்கவில்லை. “சரி, என்ன போடட்டும்?” ஆபீசில் முன்பின் தெரியாதவர்களிடம் இப்படித்தான் கேட்பாள் போலிருக்கிறது.

“பச்சை ஏழு. ரெசிபி, கே. சாந்தாமணி, லேப். ஒப்புதல், தெய்வசிகாமணி.” கொஞ்சம் யோசித்து, “லாட்டு போட்டது நாந்தான், ரெண்டு டன், ஒரே மாதிரி வந்துச்சு, அது நெசம். அதைய வேணும்னாப் போடு” என்றார்.

அடித்தாள். “மின்தடை?”

“நாப்பது நிமிசம்.”

“ரிஜெக்ட்டு?”

“ஒண்ணு. நேவி புளூ. நீ ஒண்ணாவது படிக்கும்போது பாவாடை, சட்டை, பை எல்லாம் அந்தக் கலர்ல போட்டுட்டுப் போனியே, அது.”

“அது யூனிஃபார்ம்னு சொன்னீங்க!”

“ஏனுங்க” என்று உள்ளேயிருந்து மயிலாத்தா, “எனக்கு அதுல ரவிக்கை ஏழு தெச்சுக் குடுத்தீங்க, டென்மார்க் ராணி கட்டற துணின்னு.”

“ராணி கட்டலைன்னு நாஞ் சொல்லலியே மயிலு.” யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்தினார். பேப்பரில் அவர் குட்டையாகிக்கொண்டே வருவதைத் திரையில் எட்டிப் பார்த்தார். ஐந்து வரி இரண்டு வரியாயிற்று. இதை வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்ன செய்வான்? எதுக்குங்க செவப்பு என்று கேட்டால், தெரியாதுங்க, கரூர்ல ஒரு பொண்ணு இருக்கறா, அவளக் கேக்கோணும், நானும் கேக்கோணும்னுதான் இருக்கறேன் என்று சொல்வார் தெய்வசிகாமணி. சொல்லுவாரா? பெருந்துறை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தால் அந்த ஓணான் கூடவே ஏறிக்கொள்ளும். ஏறினால் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லிவிடலாம். சொன்னால் அனுப்பிவிடுவார்களா, வைத்துக்கொள்வார்களா, அது அவர்கள் பாடு.

“அப்ப நாலாவது?” கோகிலவாணி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “யானை?”

“யானை நெசம் அம்முணி.”

நெசம்தான். தொண்ணூற்று நாலு, ஆடி மாசம், மிஷின் எல்லாம் வராத காலம், திறந்த தொட்டியில் ராயல் புளூ மிச்சம் ஆறிக்கொண்டிருந்தது, பாகன் தண்ணீர் கேட்க உள்ளே வந்த நேரத்தில் பின்னாலேயே வந்த யானை தும்பிக்கையை விட்டு உறிஞ்சித் தன் முதுகில் அடித்துக்கொண்டது, ஆனந்தமாக, நாலு தடவை. பதினோரு நாள் கோவில் வாசலில் நீல யானை நின்று ஆசீர்வாதம் செய்தது, ஜனங்கள் நீலப் பொட்டு விழுந்த தலையோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்தான் அதைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார், தும்பிக்கை நுனியைப் புது வெள்ளைத் துணியால் ஒற்றித் துடைத்தார். இதில் அவர் ஒரு நூலைக்கூடச் சேர்த்துத் தைத்ததில்லை. தைக்கத் தேவையே இருந்ததில்லை.

கோகிலவாணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஷேடு பார்க்கிறவர்கள் துணியைச் சன்னலோரம் கொண்டுபோய் ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். எட்டு வயதிலும் பதினெட்டு வயதிலும் அந்த யானையை அவள் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

“சரிங்ப்பா” என்றாள். நாலாவதையும் அழித்தாள்.

அவள் பிரிண்ட் போடக் கடைக்குக் கிளம்பிப் போனதும் மற்ற துண்டுகளையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் அள்ளிப் போட்டார், நல்லதாக ஆறு மட்டும் எடுத்து மேலோரம் பின் அடித்தார். டப்பாவின் அடியில் அந்த வெள்ளைத் துணி மடித்துக் கிடந்தது, முப்பது வருஷம் போய்ப் பழுப்பேறி, நடுவில் நீல வட்டமாக, இரண்டு துளையும் ஓரத்தில் ஒரு சின்ன மூக்குமாகத் தும்பிக்கை நுனியின் அச்சு. அட்டை கிடையாது, ரெசிபி கிடையாது, ஓகே என்று யாரும் எழுதவில்லை. மயிலாத்தா எட்டிப் பார்த்தாள். அவர் அதை ஃபைலின் கடைசி உறையில் செருகினார். யாராவது எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பார்க்கட்டும், அந்தப் பக்கமும் நீலமாகத்தான் இருக்கும்.